வெறும் வண்டிக்குக் கட்டிய தார்ப்பாய்

முதலாளியின் போன் வந்தபோது எங்கள் வீட்டு டிரைவர் மொட்டை மாடியில் இரும்புக் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் என்றால் வேறு யாருமில்லை, என் கணவர்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, நெடுந்தூர வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். இருக்கிறார் என்பதுகூடத் தப்பு. நடக்கிறார். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து திரும்பக் கூடம். உட்காருங்கள் என்றால் நாற்காலியைத் தொட்டும் தொடாமலும் ஒரு பாவனை காட்டிவிட்டு எழுந்துவிடுவார்.

போனில் முதலாளி பேசியது எனக்கே கேட்டது. டிரைவர் ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டானாம். ராத்திரி லோடு கிளம்ப வேண்டுமாம்.

“சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுப்பா. உன்னை நம்பித்தான் இருக்கேன்.”

முடியாது என்று பட்டென்று சொல்லியிருக்க வேண்டாமா இந்த மனுஷன்? “பாக்கறேன் முதலாளி” என்றார். இவருடைய ‘பாக்கறேன்’ எனக்குத் தெரியாததா? வீடு மாறலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு ‘பாக்கறேன்’ என்றார், மறுநாள் காலையில் சாமான் ஏற்ற வண்டி வாசலில் நின்றது.

“உங்களுக்கு உசிரு மேல ஆசையே இல்லையா?”

“இருக்கறதாலதான் சொல்றேன். தூங்காமயே செத்துடுவேன் போல இருக்கு. வண்டிக்குப் போனாலாவது தூங்குவேன்.”

அதுவும் பொய்யில்லை. ஓடுகிற காலத்தில் லாரிக்கு அடியில் வலையைக் கட்டித் தொங்கவிட்டு அதில்தான் படுப்பார். பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார் என்று கிளீனர் பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக் கட்டிலில் படுத்தால் ஆணி மேல் படுத்த மாதிரி புரளுகிறார். கட்டில் அசைய மாட்டேன் என்கிறதாம். கட்டில் எதற்கு அசைய வேண்டும் என்று நான் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எனக்கு மட்டும் தூக்கம் வாரிக் கொட்டிக் கிடந்ததா? முப்பது வருஷமும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கிடந்தவள் நான். இந்த மூன்று மாதமாக இவர் புரளப் புரள நானும் விழித்துத்தான் கிடக்கிறேன். எங்காவது லாரி கவிழ்ந்தது என்று செய்தி வந்தால் போதும், வண்டி நம்பர் தெரிகிற வரை டிவி முன்னாலிருந்து நகர மாட்டேன். அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

கடைசியில் அவரே ஒரு பேரம் பேசினார். “இன்னைக்கு இந்தத் தூளியில ஒரு மணி நேரம் கண்ணசந்தேன்னா, முதலாளிகிட்ட மாட்டேன்னு சொல்லிடறேன். தூக்கம் வரலைன்னா நான் வண்டிக்குப் போவேன், நீ குறுக்க நிக்கக் கூடாது.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

தூளி என்று அவர் நக்கலாகச் சொன்னது எங்கள் மகள் வாங்கி அனுப்பிய ஸ்டாண்டை. கூரையில் கொக்கி அடிக்கக் கூடாது என்று வீட்டு ஓனர் அடம்பிடித்ததால், தானே நிற்கிற மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். தரையில் நீளமாக ஒரு குழாய், இரண்டு முனையிலும் சாய்வாக மேலே போகும் கைகள், அந்தக் கைகளுக்கு நடுவே தொங்குகிற துணிப் படுக்கை, மேலே கட்ட ஒரு நீலத் தார்ப்பாய். அஞ்சே நிமிஷ வேலைம்மா என்றாள். அவள் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும்! எங்களுக்கு நாலு நாள் ஆகியும் முடியவில்லை.

முதல் நாள் ஸ்டாண்டு நொண்டியது. பார்க்க ஒரே மாதிரி இருந்த இரண்டு குழாய்களில் ஒன்று விரல் நீளம் பெரிது, இடம் மாற்றிச் செருகியிருந்தார். படம் போட்டிருக்கே பாருங்கள் என்றேன். படத்தைப் பார்த்து வண்டி ஓட்டியவன் இல்லை நான் என்றார். மறுநாள் துணியைக் கீழ்த்துளையில் மாட்டினார், படுத்ததும் முதுகு தரையைத் தட்டியது. மேல்துளையில் மாட்டினார், வில்லாக விறைத்துக்கொண்டு ஆளைப் புரட்டிப் போட்டது. நடுத்துளை சரியாக வந்தது என்று மூச்சு விடுவதற்குள் ஸ்டாண்டு நகர ஆரம்பித்தது. மழைத் தண்ணீர் வடிய மாடித் தரை கொஞ்சம் சரிவு. அவர் ஒருமுறை புரண்டால் ஸ்டாண்டு ஒரு அங்குலம் வடிகால் துளையைப் பார்த்துப் போகும். பழைய டயர் டியூபை வெட்டிக் காலுக்கடியில் கொடுத்தோம். அதற்குப் பிறகு கீச் கீச்சென்று சத்தம். என் தையல் மெஷின் எண்ணெயை மூட்டுக்கு மூட்டு விட்டேன், அடங்கியது.

தார்ப்பாயை மட்டும் என்னைத் தொட விடவில்லை. “தார்ப்பாய் கட்ட எனக்கே சொல்லித் தரப்போறியா?” என்றார். அதில் நியாயம் இருந்தது. எவ்வளவு மழையில் எவ்வளவு சரக்கை நனையாமல் கொண்டு சேர்த்தவர்! ஸ்டாண்டின் இரண்டு கை நுனிகளிலும் கயிற்றைச் சுற்றி, குழாயில் காலை உதைத்து, பல்லைக் கடித்து இழுத்து லாரி முடிச்சுப் போட்டார். தார்ப்பாய் தப்பு மேளத்துத் தோல் மாதிரி விறைத்து நின்றது. உள்ளங்கையால் தட்டினால் டம்மென்று சத்தம். பெருமை தாங்கவில்லை. ஆனால் நேற்று மதியம் படுத்துக் கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. நான் கீழே துணி தைத்துக்கொண்டிருந்தேன். மேலே தடதடவென்று ஒரு சத்தம், பிறகு அவருடைய கெட்ட வார்த்தை. ஓடிப் போய்ப் பார்த்தால் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நிற்கிறார். தார்ப்பாய் பழையபடி விறைப்பாகவே இருந்தது. தட்டினார். டம்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. எங்கேர்ந்து கொட்டுச்சு?”

முடிச்சு நழுவியிருக்கும் என்றேன். அவ்வளவுதான். அவருடைய முடிச்சைக் குறை சொல்வதும் அவருடைய பிறப்பைக் குறை சொல்வதும் ஒன்று. நேற்று பொழுது சாய்கிற வரை ஒவ்வொரு முடிச்சாக இழுத்து இழுத்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, இன்றுதான் கடைசி. போன் வந்து போன பிறகு எல்லா முடிச்சையும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டினார். இன்னும் இறுக்கமாக. கயிற்றின் மறுமுனையை என்னிடம் கொடுத்து, “கிளீனர், பிடி!” என்றார். மனசு நன்றாக இருக்கும்போதுதான் என்னைக் கிளீனர் என்பார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அவர் படுத்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன். இமை துடிப்பது நின்றால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது. தூறல் விழ ஆரம்பித்தது. இமை மெல்ல அடங்கியது. நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

சளக்கென்று நெஞ்சிலேயே கொட்டியது.

இந்தத் தடவை அவர் திட்டக்கூட இல்லை. எழுந்தார், முகத்தைத் துடைத்தார், தார்ப்பாயைத் தட்டினார். டம் என்றது. “போதும். என் பையை எடுத்து வை” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. “பையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது! திரும்பப் படுங்க. நான் நின்னு பாக்கறேன், எங்கே ஒழுகுதுன்னு.”

“நான் படுக்க மாட்டேன்.”

“அப்ப நான் படுக்கறேன். நீங்க பாருங்க.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி விழுந்தேன். நான் ஒன்றும் கொடி மாதிரி ஆள் இல்லை. துணி என்னைச் சுற்றி மூடிக்கொண்டது. தலைக்கு மேல் நீலம் மட்டும்தான் தெரிந்தது. அவர் பக்கத்தில் நின்று முதலில் சும்மா பார்த்தார். பிறகு குனிந்தார். ஸ்டாண்டின் ஒரு முனைக்குப் போனார், மறு முனைக்குப் போனார்.

“கொஞ்சம் எந்திரி.”

எழுந்தேன்.

“படு.”

படுத்தேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அட மடையா! அட முழு மடையா!”

“யாரைச் சொல்றீங்க?”

“என்னைத்தான். நீ படுத்தா ஸ்டாண்டோட ரெண்டு கையும் உள்பக்கம் வளையுதுடி. தார்ப்பாய் தொங்கிப் போகுது, நடுவுல குளம் மாதிரி தண்ணி நிக்குது. எந்திரிச்சா மறுபடி விறைச்சுக்குது. நான் எந்திரிச்சு நின்னுதானே தட்டிப் பாத்தேன்!” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “லோடு ஏத்தினா வண்டி உக்காரும்னு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷம் ஓட்டிட்டு, வெறும் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கேன்.”

“சரி, நான் இறங்கறேன், நீங்க மாத்திக் கட்டுங்க.”

“இறங்காதே! லோடு இருக்கணும். அசையாம கிட, நான் கட்டி முடிக்கற வரைக்கும்.”

அசையாமல் கிடப்பதா? என்னையா? அடுப்பில் சாதம் பாதியில் நிற்கிறது, தைத்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கவில்லை, முதலாளி போன் எப்போது வருமோ என்று காது போனிலேயே இருக்கிறது. “சீக்கிரம் முடிங்க” என்றேன். அவர் ஸ்டாண்டிலிருந்து கயிறுகளை அவிழ்த்துவிட்டார். ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலில் கட்டினார், எதிர்ப்பக்கத்தைத் துணி காயப்போடும் கம்பத்தில் கட்டினார். ஓரங்களை இழுத்து மூன்று மூலைகளுக்கு எங்கெங்கோ பிடிமானம் கண்டுபிடித்தார். நாலாவது மூலைக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, கைப்பிடிச் சுவர் மொழுமொழுவென்று இருந்தது. மழையோ வலுத்துவிட்டது. அந்த மூலைக் கயிற்றைக் கையில் பிடித்துத் தாழ்த்தினார். தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடி, அவருடைய காலடியில் ஊற்றியது. என் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

“கீழ போய் ஒரு வாளி எடுத்துட்டு வாங்க, அதுல கட்டலாம்.”

“விட்டேன்னா மொத்தமும் உன் தலையில. சும்மா கிட, மழை விடட்டும்.”

நனையாதீர்கள், நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னேனா என்று தெரியவில்லை. ஸ்டாண்டு லேசாக ஆடியது. எண்ணெய் விட்ட மூட்டுகள் சத்தம் போடவில்லை.

போன் அடித்ததும்தான் விழித்தேன். சாதம் என்று முதலில் நினைத்தேன், அடுத்து முதலாளி. எழப்போனேன். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை, லாரி இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை அது.

“முதலாளி… இல்லைங்க, வர முடியாது. கையில கயிறு இருக்கு… கயிறுங்க, தார்ப்பாய்க் கயிறு. விட முடியாது, அவ தூங்கறா.”

அந்தப் பக்கம் என்னவோ கத்தினார்கள்.

“எழுப்ப மாட்டேங்க. எத்தனை மணிக்கு நான் வந்தாலும் முழிச்சுட்டு இருப்பா. கிளம்பும்போதும் முழிச்சுட்டு இருப்பா. முப்பது வருஷத்துல அவ தூங்கி நான் பாத்ததே இல்லைங்க. இன்னைக்குத்தான் பாக்கறேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “இன்னைக்கு மட்டும் இல்லைங்க. இனிமே வேற ஆளைப் பாத்துக்கங்க.”

கண்ணைக் கொஞ்சம்போலத் திறந்தேன். மழை விட்டு நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். அவருடைய சட்டை பாதி காய்ந்திருந்தது. கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். மழையே இல்லாத வானத்துக்குக் கீழே கயிற்றை இன்னமும் பிடித்துக்கொண்டு, சாவகாசமாக, மாடியில் தன்னைத் தவிர யாருக்கும் வேலையில்லை என்பது போல உட்கார்ந்திருந்தார்.

கீழேயிருந்து சாதம் கருகிப்போன வாசனை வந்தது. ஒரு கால் மரத்துப் போயிருந்தது, மூக்கு நுனி அரித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். லோடு அசையக் கூடாது என்று சொன்னவர் அவர்தானே.