பின்னால் வரும் கார்

சைக்கிள் ஓட்ட ஒரு மனிதனுக்கு சைக்கிள் போதும் என்றுதான் பவுன் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பைக் கெடுத்தவன் அவள் புருஷன் ஜெகதீசன். முதலில் சைக்கிள் வந்தது. அடுத்து, உட்காருமிடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த, உடம்போடு ஒட்டிக்கொள்ளும் கால்சட்டை வந்தது. அதை மாட்டிக்கொண்டு அவன் லிஃப்டில் இறங்கியபோது மூன்றாம் மாடிக் கிழவர் மரியாதையாகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு விரல் இல்லாத கையுறை. பிறகு கறுப்புக் கண்ணாடி. கடைசியாக, மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்று கைக்கடிகாரத்துக்குச் சொல்லும் ஒரு பட்டை.

“துடிக்குதா இல்லையான்னு தெரியணும்னா என்னைக் கேளுங்க. அதுக்கு ஒரு பட்டை வேணுமா?” என்றாள் பவுன்.

இவ்வளவு அலங்காரமும் போப்தேவ் காட் ஏறுவதற்கு. கோந்த்வாவைத் தாண்டி சாஸ்வட் பக்கம் போகிற மலைச்சாலை அது. ஞாயிறு விடிந்தால் புனேயின் ஐ.டி. கூட்டத்தில் பாதி அங்கேதான் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, தூங்கிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி வைக்கும். அதே மேட்டில் தக்காளிக் கூடைகளோடு தினமும் டெம்போக்காரன் போய் வருகிறான். அவன் யாருக்கும் படம் அனுப்புவதில்லை.

ஜெகதீசனுக்கு அந்தப் படம் எடுக்கும் யோகம்கூட வாய்க்கவில்லை. முதல் தடவை போனபோதே இரண்டாவது வளைவில் கால் மரத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். போன் பண்ணி, “பவுனு, கொஞ்சம் காரை எடுத்துட்டு வர்றியா?” என்றான். அவள் போய் அள்ளிக்கொண்டு வந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். “ஒவ்வொரு தடவையும் நீங்க விழுந்த இடத்தைத் தேடிக்கிட்டு வர என்னால முடியாது. பின்னாடியே வந்துடறேன்.”

அப்படித்தான் வந்தாள். ஒரு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல். முன்னால் அவன், பின்னால் முதல் கியரில் உறுமிக்கொண்டு அவள் கார், நாலு பக்கமும் விட்டுவிட்டு மின்னும் மஞ்சள் விளக்கு. இரண்டாவது வளைவு வரும். அவன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். கால் தரைக்கு வந்துவிடும். ஒரு வாரம் கியர் சரியில்லை, ஒரு வாரம் எதிர்க்காற்று, ஒரு வாரம் ராத்திரி சாப்பிட்ட ராஜ்மா. அவள் காரை அங்கேயே திருப்பி, சைக்கிளைப் பின்கம்பியில் மாட்டச் சொல்லி, வீட்டுக்குக் கூட்டி வருவாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள்.

பவுனுக்குத் தொழிலே தள்ளுபடி செய்வதுதான். ஹடப்சர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களைச் சோதிக்கும் வேலை. எடுத்து ஒரு பார்வை பார்த்தால் போதும், தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள். புருஷன் விஷயத்திலும் தீர்ப்பு எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. பதவி உயர்வு கேட்கப் போய் மேனேஜர் அறை வாசலில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவன். மேல்வீட்டுக்காரன் இவனுடைய பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினால், தெருவில் இடம் தேடிக்கொள்கிறவன். மேடு என்று எது வந்தாலும் இறங்கிவிடுகிற ஆள். போப்தேவ் மட்டும் என்ன, தனியாக ஒரு மரியாதை கிடைத்துவிடுமா?

போன வாரம் அவளுக்குப் பொறுமை விட்டுப்போனது. “அடுத்த ஞாயிறுதான் கடைசி. கால் கீழ வந்துச்சுன்னா சைக்கிள் ராஜாவுக்கு” என்றாள். ராஜா அவள் தம்பி, சாங்வியில் இருக்கிறான். “அவனாவது மார்க்கெட்டுக்குப் போய் காய்கறி வாங்கிட்டு வருவான்.”

ஜெகதீசன் அந்த சைக்கிளைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைப்பவன். சண்டை போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கொஞ்சம் ஆசைப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். அவன் துணியை மடித்து வைத்துவிட்டு, “சரி. ஒரு தடவை நீ பாக்கும்போது ஏறிட்டா போதும்” என்றான். சரியாம். இந்த ‘சரி’யைக் கேட்டால்தான் பவுனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிறும் வந்தது. கோந்த்வாவில் கடைகள் ஷட்டர் தூக்கும் நேரத்துக்கு அவர்கள் அடிவாரத்தில் இருந்தார்கள். முதல் வளைவை நன்றாகவே ஏறினான். பவுன் கண்ணாடியை இறக்கி, “பரவாயில்லையே, இன்னும் உயிரோட இருக்கீங்க” என்று உற்சாகப்படுத்தினாள். இரண்டாவது வளைவில் அவன் தோள் இறுகுவது தெரிந்தது. தலை திரும்பியது. கால் தரைக்கு வந்தது.

“இன்னிக்கு யார் மேல பழி? சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

“செயின் கொஞ்சம் இழுத்துப் பிடிக்குது பவுனு.”

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர். வழக்கம்போல அங்கேயே காரைத் திருப்ப வழியில்லை. “நான் மேல போய் நிக்கிறேன். நீங்க மெதுவா தள்ளிக்கிட்டு வாங்க. அதுக்காவது செயின் தடை சொல்லாதுல்ல” என்று சொல்லிவிட்டுக் காரை நகர்த்தினாள்.

ஒரு வருஷமாக வந்தும் அவள் உச்சியைப் பார்ப்பது அன்றைக்குத்தான். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று உடனே முடிவு செய்தாள். நாலைந்து டீக்கடை, வரிசையாகச் சாய்த்து வைத்த சைக்கிள்கள், வாழைப்பழத் தோல், பளபளக்கும் துணியில் ஒரு கும்பல். இமயமலை ஏறி வந்தவர்கள்போல ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். காரைக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, டீ ஒன்று வாங்கிக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

“ராஜா, மத்தியானம் வந்து சைக்கிளை எடுத்துட்டுப் போடா. ஆமாடா, நிஜமாத்தான். அவருக்கு இனிமே அது வேண்டாம்.”

போனை வைத்ததும் பக்கத்து ஸ்டூலில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். சோப்பு விளம்பரம்போலச் சிரித்த முகம், நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு.

“ஆன்ட்டி, நீங்க தமிழா? நான் நஸ்ரின். கட்கி ஏரியால இருக்கேன். வீட்ல தமிழ்தான், ஆனா என் தமிழ் கொஞ்சம் கச்சா. சிரிக்காதீங்க.”

“நீயும் இந்தக் கூத்துதானா?” என்றாள் பவுன்.

நஸ்ரினுக்கு அதில் இருந்த ஏளனம் உறைக்கவில்லை. “ஹான் ஆன்ட்டி. நான் முன்னாடி ஃப்ளைஓவர்கூட ஏற மாட்டேன். பயம். இங்க புதன்கிழமை காலைல ஒரு சார் வருவார். என்னை மாதிரி பயந்துக்கற ஆளுங்களுக்கு ஏறச் சொல்லித் தருவார். அவரும் தமிழ்தான். ஜெகதீஷ் சார், ஹடப்சர். அக்கவுண்ட்ஸ்ல வேலை.”

பவுன் டீயைக் கீழே வைத்தாள். புதன்கிழமை காலை. மாதக் கணக்காக, ஆபீஸில் சீக்கிரமே மீட்டிங் என்று ஜெகதீசன் சைக்கிளிலேயே இருட்டோடு கிளம்பும் புதன்கிழமை.

“அவரு ஏறுவாரா?” என்று கேட்டாள்.

“என்ன ஆன்ட்டி, அவர் எங்க கூட ரெண்டு தடவை ஏறுவார். மேல போயிட்டு, பின்னால தங்கிப் போனவங்களுக்காக இறங்கி வந்து, மறுபடி ஏறுவார். கோபமே வராது. நிக்கணுமா, நில்லு, அழணுமா, அழு, அப்புறம் ஏறலாம்னு சொல்வார்.” நஸ்ரின் சிரித்தாள். “ஒரே ஒரு ரூல்தான். ஏறப் பழகற வரைக்கும் வீட்ல இருந்து யாரையும் கூட்டிட்டு வரக்கூடாது. பார்த்துட்டே ஒருத்தர் பின்னால வந்தா, கால் தானா இறங்கிடும்னு சொல்வார்.”

பவுன் கடைப் பக்கம் நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க வீட்ல சொல்லிட்டீங்களா சார்னு ஒரு நாள் கேட்டேன். சொன்னா நம்ப மாட்டாங்கம்மா, ஏறித்தான் காட்டணும்னு சொன்னார்.” நஸ்ரின் சட்டென்று எழுந்தாள். “அதோ, சாரே வர்றார் பாருங்க. இன்னிக்கு ஞாயிறு, எப்படி வந்தார்?”

சாலை கடைசியாக ஒரு முறை வளைந்து மேலே வரும் இடத்தில் ஜெகதீசன் ஏறி வந்துகொண்டிருந்தான். தள்ளிக்கொண்டு அல்ல, ஓட்டிக்கொண்டு. சீட்டைவிட்டு எழும்பாமல், அவசரமே இல்லாமல். பக்கத்தில் தத்தளித்துக்கொண்டு வந்த ஒரு தடித்த ஆளிடம் மராட்டியில் என்னவோ சொன்னான். அந்த ஆள் சிரித்தான், இவனும் சிரித்தான். மூச்சு வாங்குகிறவன் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. அந்த முகத்தைப் பவுன் வீட்டில் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாளா என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

இத்தனை வருஷம் அவள் தேறாது என்று தூக்கிப் போட்டது நல்ல சாமான். அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது, பின்னால் உறுமிக்கொண்டு வந்த தன் வண்டி. இதைத் தெரிந்துகொண்டபோது அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. தன்மேல்தான் அருவருப்பாக இருந்தது.

இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. அவன் அதை முடிக்கட்டும் என்று நினைத்தாள். எழுந்து, கடையின் தார்ப்பாய்க்குப் பின்னால் மறைந்துகொள்ளப் போனாள். ஸ்டூல் காலில் இடித்துக் கவிழ்ந்தது.

ஜெகதீசன் நிமிர்ந்தான். முதலில் காரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். தோள் இறுகியது. ஏற்றம் ஏறக்குறைய முடிந்து சாலை சமமாகிற இடம் அது. குழந்தைகூட ஓட்டிவிடும். அங்கே அவன் கால் தரைக்கு வந்தது.

மீதி தூரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். கிட்டே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“கடைசில ஒரு அஞ்சாறு மிதி மிதிச்சுப் பாத்தேன், அவ்வளவுதான். மத்ததெல்லாம் தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்” என்றான். “ராஜாகிட்ட சொல்லிட்டியா?”

நஸ்ரின் அவனைப் பார்த்தாள், பவுனைப் பார்த்தாள். விஷயம் புரிந்துபோய், கையில் இருந்த டீயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பார்த்தேன், நீங்க ஏறினதைப் பார்த்தேன் என்று பவுன் சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி வார்த்தை அவள் நாக்குக்குப் பழக்கமில்லை. “நான் கிளம்பறேன். நீங்க ஓட்டிக்கிட்டே வீடு வந்து சேருங்க. இனிமே நான் பின்னாடி வர மாட்டேன்” என்றாள்.

எவ்வளவு மெதுவாகச் சொல்ல முயன்றும் அது வழக்கமான குரலில்தான் வந்தது. அவனும் வழக்கம்போலத் தலை குனிந்து, “சரி” என்றான்.

“திட்டலைங்க” என்றாள்.

“சரி பவுனு.”

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். அவன் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றான். அவள் போகாமல் அவன் ஏறி உட்காரப் போவதில்லை. அது புரிந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.