பிக்கரல் முனையில் இறங்காத கைகள்

எங்கள் பிக்கரல் முனையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தூக்கிய வலது கையை ஆறரை மாதம் கீழே இறக்கவில்லை. அதிகமாகச் சொல்பவர்கள் சபைக் கூடத்துக் கூரையில் காற்றுத் திசை காட்டும் தகரச் சேவலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்குக் கை கிடையாது என்பதால் நான் விட்டுவிட்டேன்.

ஊர்க்கூட்டத்தில் தூக்கிய கையை எண்ணி முடிக்கும்வரை இறக்கக் கூடாது என்பது மாசசூசெட்ஸில் எங்கள் வழக்கம். 1765 நவம்பரில், கப்பல் சீட்டிலிருந்து ஆடுகிற சீட்டுவரை லண்டன் முத்திரை குத்திய தாளைக் காசு கொடுத்து வாங்கினால்தான் செல்லும் என்று சட்டம் வந்தது. வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் தலைவர். ஓட்டே இல்லாத பெண்கள் வேடிக்கை பார்த்த மாடியிலும் கைகள் எழுந்தன. அவர் இரண்டு தடவை எண்ணினார். ஒரு கையும் இறங்கவில்லை. வரி போட்ட லண்டனில் நம் கையை எண்ணவில்லையே, அங்கே நம் ஆள் ஒருவன்கூட இல்லையே என்று காரணம் சொன்னவள் மருத்துவச்சி. யாரும் மறுக்கவில்லை.

மே மாதம் சட்டம் ரத்தான சேதி வரும்வரை பிழைப்பு அப்படியே நடந்தது. தையல்காரர் சட்டைக் கையை மேல்நோக்கித் தைத்தார். பசுக்கள் ஒற்றைக் கைக் கறவைக்குப் பழகின. உள்ளங்கைகளில் கடற்காகங்கள் கூடு கட்டின. போதகருக்குத்தான் வசதி, ஆசீர்வாதத்துக்குக் கை தயாராகவே இருந்தது. டிசம்பரில் பிறந்த குழந்தை கையைத் தூக்கிக்கொண்டே வந்தது.

நம்பாதவர் ஒருவர்தான்: துறைமுக அதிகாரி ஜேபஸ் தார்ன், இதே ஊர்க்காரர். எல்லாம் நடிப்பு என்று கப்பல்காரி மெஹிடபெல் பைக் என்பவளின் தூக்கிய கையில் நங்கூரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நங்கூரமும் மேலேயே நின்றது. காற்று என்றார்.

மெஹிடபெல் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். பார்படோஸ் தீவுக்குப் போக வேண்டிய கருவாடு அவள் கப்பலில் ஏறியிருந்தது. முத்திரைத் தாள் வாங்காமல் புறப்பாட்டுச் சீட்டு கிடையாது என்றார் தார்ன். ஈரம் ஏறினால் கருவாடு போகும், கருவாடு போனால் கப்பலும் போகும். பிப்ரவரி முழுக்க அவள் தினமும் அவர் மேசைமுன் வந்து நின்றாள். கடைசி நாள் பேச்சு இது:

"நாடகம் போதுங்க்கா. லண்டன் சபைல உக்காந்திருக்கற அத்தனை பேரும் உங்களுக்கும் சேத்துத்தான் பேசறாங்க."

"அப்படியா? அதுல ஒருத்தனுக்காச்சும் கருவாட்டு நாத்தம் தெரியுமா?"

"எனக்கு நல்லாவே தெரியுது. காசைக் கட்டிட்டுக் கொண்டுபோங்க."

"காசு இருக்குடா. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வரியில்ல, வேற. சரி, உன்னையாவது கேட்டாங்களா? நீயும் இந்த ஊருதானே?"

தார்ன் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. இறகுப் பேனாவோடு அவர் வலது கை கிளம்பியது; போகிற வழியில் பொய்முடியைத் தட்டிவிட்டு மேலே போய் நின்றது. இடது கையால் பிடித்துத் தொங்கினார். கால்கள்தான் தரையைவிட்டு எழுந்தன.

மெஹிடபெல் முத்திரையில்லாத வெறுந்தாளை நீட்டினாள். அவர் தூக்கிய கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, இடது கையால் கோணலாகக் கையெழுத்திட்டார். அன்றைய கடல் ஏற்றத்திலேயே கப்பல் புறப்பட்டது.

"மேலிடத்துக்கு என்னன்னுடா எழுதுவே, காத்துன்னா?"

"நடந்தது நிஜம்னுதான்க்கா எழுதணும்," என்றார் தார்ன். "முதல்ல அந்தக் காக்காயை விரட்டுங்க. என் கையில குச்சி அடுக்குது."