முக்கால் கீப்பர்

பனியன் கம்பெனிகள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடிய அந்த வருஷம், திருப்பூரில் கிரிக்கெட் அட்டைகளைச் சில்லறையாக விற்றார்கள். முழு ஆட்டக்காரர் கட்டுப்படியாகாதவர்கள் கால், அரை, முக்கால் என்று வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், யார் என்ன குறை சொல்ல முடியும்?

கட்டிங் மாஸ்டர் சென்னியப்பனின் ஆல்பத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாரும் நல்ல காலத்தில் முழுசாக வாங்கியவர்கள். விக்கெட் கீப்பர்தான் இல்லை. பதினோராவது ஆள் இல்லாமல் ஆட்டம் தொடங்காது என்பதால், எட்டு மாதமாக அட்டைக்குள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கேப்டன் வாயைத் திறந்தார்.

"மாஸ்டர், ஈரோட்டுல ஒருத்தர்கிட்ட கீப்பர் மட்டும் இருக்காராமுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள இங்க ஆள் வரலீன்னா நாங்க அங்க போயிக்கறோம். தப்பா நெனச்சுக்காதீங்க."

பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பத்துப் பேரின் பேச்சும் இருமலும்தான் சத்தம். சென்னியப்பன் நேராக நாச்சிமுத்துவின் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனார்.

"கீப்பர்ல முக்கால் குடுங்க."

நாச்சிமுத்து மூன்று கால்களை எடுத்து, பேடு கட்டி, அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். இடுப்புக்கு மேலே வெறும் வெள்ளை.

"ஏனுங்க, தலை?"

"முக்கால்னுதானுங்க கேட்டீங்க, மாஸ்டர்."

கேட்டது அதுதான். போன வாரம் அரை கேட்ட டிரில் வாத்தியாருக்கு அரைஞாண்கயிற்றோடு இடுப்பு வந்தது. அவர் சண்டையா போட்டார்?

கேப்டன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலுக்குக் கொறச்சலில்லீங்க. பந்தை யாருங்க புடிக்கறது?"

சென்னியப்பனின் மனைவி கோகிலா அடுப்படியிலிருந்து வந்தாள். செக்கிங் டேபிளில் நாலு பக்கமிருந்தும் வந்து விழும் பனியன்களைத் தரையில் படாமல் பிடித்து மடித்தவள். வேலை நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது.

"நகருங்க. கை சும்மா இருந்து இருந்து எனக்குப் பைத்தியமே புடிக்குது. நான் புடிக்கறேன்."

மூட்டுவலிக்காரி. சொந்தக் கால்களைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அட்டையின் வெள்ளைக்குள் ஏறினாள். புதுக் கால்களில் இரண்டு பொருந்தின. மூன்றாவதை லெக் ஸ்டம்பாக நட்டார்கள்.

முதல் பந்து எதிரணிக்காரரின் மட்டை விளிம்பில் பட்டுப் பறந்தது. கோகிலா பாய்ந்து பிடித்தாள். பத்துப் பேரும் அவளைத் தூக்கிக் கொண்டாட, வாய்விட்டுச் சிரித்தாள். அடேயப்பா, எத்தனை வருஷத்துச் சிரிப்பு! சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்ப வருவே, அம்மிணி?"

"அஞ்சு நாள் ஆட்டமுங்க. பழைய சோத்துக்குத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கறேன், மறக்காம சாப்பிடுங்க."

ஆறாம் நாள் பதினோரு பேரும் இலங்கைச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆல்பத்தில் புல்தரை மட்டும் கிடந்தது. வீட்டில் ஒரு இருமல்கூட இல்லை.

அடுத்த மாதம் நாச்சிமுத்து கடைக்குக் கோகிலாவின் அட்டை வந்தது. நல்ல கிராக்கி. விலையைக் கேட்டதும் சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை வார்த்தையை யோசித்து யோசித்துச் சொன்னார்.

"குரல் மட்டும் குடுங்க."

நாச்சிமுத்து அதைப் பார்சல் டீ மாதிரி பாலிதீன் பையில் பிடித்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். பை இன்னும் சூடாக இருந்தது.