மெதுவான கம்பனி

...எது ரொம்ப மெதுவாக வேலை செய்யும் என்று ஒரு மனுஷன் கடையில் போய் எப்படிக் கேட்பான், கேட்டால் ஸியாம் சிரிப்பான், சிரித்தான்தான். காலையில் கேகாலை டவுனில் அவனுடைய போன் கடையில் நின்று, எச்சிலை விழுங்கி, யோகராஜ் கேட்டே விட்டான், "தம்பி, இதுல ஸ்பீட் கொறஞ்சது எது?" "வெல கொறஞ்சதையா கேக்குறீங்க அண்ணே?" இல்லையப்பா, ஸ்பீட் குறைந்தது, அதை இன்னொரு தடவை சொல்ல நாக்கு வரவில்லை... வயர் லைன் தோட்டத்துத் துரை பங்களா வரைக்கும்தான் வந்திருக்கிறது, தொழிலாளர் லயத்துக்கு இழுக்க மாட்டார்களாம், அதனால் சிம் போடுகிற ரவுட்டர்தான், அதில் இரண்டு கம்பனி, ஒருவனுக்கு டவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மற்றவனுக்கு எதிர்மலை உச்சியில். "பஸ் ஸ்டாண்ட் டவர் உங்களுக்கு மலைக்குப் பின்னால அண்ணே, படம் சுத்திக்கிட்டே நிக்கும்." அதுதான், அந்தச் சுற்றுகிறதுதான் வேண்டும்! ஆனால் ஸியாம் அதற்குள் மற்றப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டான், "குவைத்ல இருந்து அக்காவே எனக்கு வாய்ஸ் போட்டாங்க, முகம் தெளிவாத் தெரியிற மாதிரி நல்லதாக் குடுங்க எண்டு." அதற்குப் பிறகு என்ன பேசுவது, இப்போது ஸியாம் லயத்துக் கூரைத் தகரத்தில் ஏறி நின்று ஆண்டனாவை எதிர்மலைப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான், "வந்துருச்சா அண்ணே?" என்று மேலே இருந்து கத்துகிறான், பெட்டியில் விளக்கு பச்சையாக எரிகிறது, யோகராஜ் பச்சையாகப் புளுகுகிறான், "இல்ல தம்பி, இன்னும் வரல்ல."

எவ்வளவு நேரம் புளுகுவது. பெண்டாட்டி பிரேமலதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதே மகள் கோகிலா படிக்க வேண்டும் என்பதற்காக, ஏர்போட் வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டு "புள்ளய மட்டும் படிக்க வைங்க, வேற ஒண்ணுமே செய்ய வேணாம்" என்றாள், அந்த ஒன்றைத்தான் இவன் செய்யவில்லை. கோகிலா இப்போது கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறாள். யார் நிறுத்தினது? அவளாகத்தான் நின்றாள் என்று லயத்தில் கேட்கிறவர்களுக்குச் சொல்லலாம்... அவளாகவா? விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிற அப்பனுக்கு எழுந்து ரொட்டி சுட்டு, சாயத்தண்ணி ஊற்றி, பீலிக் குழாயில் தண்ணீர் தூக்கி, துணி கசக்கி, பஸ்ஸைத் தவறவிட்டு, லேட்டாகப் போய் வாசலில் நின்று, பாடம் விளங்காமல் வந்து உட்கார்ந்த பிள்ளை, இவன் ஒரு நாளாவது அடுப்பைப் பற்ற வைத்தானா? பொம்பளைப் பிள்ளை செய்யும்தானே என்று காலை நீட்டிக்கொண்டு இருந்தான், வெட்கங்கெட்டவன். ஒருநாள் "அப்பா, நான் இனி போகல்ல" என்றாள், இவன் "ம்" என்றான், அவ்வளவுதான் நடந்தது.

பிறகு அந்த வித்தை. எப்போது பழகியது? ஒருநாள் வீடியோ கோலில் உண்மையாகவே படம் சிக்கி நின்றது, பிரேமலதா பாட்டுக்கு "ஏங்க, கேக்குதா, நின்னுருச்சே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள், கேள்வியும் அதோடு போயிற்று. அடுத்த தடவை "கோகிலா எங்கங்க?" "டியூசன்." "எந்நேரமும் டியூசனா? டீச்சரு நம்பரக் குடுங்க" என்றவுடன் இவன் வாயை அரைகுறையாகத் திறந்தபடி, கண் சிமிட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டான். கட்டின பெண்டாட்டி முன்னால் சாமிக்கு வைத்த களிமண் பொம்மை மாதிரி. கோகிலாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அப்படித்தான், அவளும் நம்பினாள், நம்பாமலா "அந்த டேட்டா சரியில்ல, நல்ல லைனா ஒண்ணு போடுங்க" என்று மாதக்கணக்காக நச்சரித்தாள்...

ஸியாம் இறங்கி வந்து விளக்கைப் பார்த்தான், "வந்துருச்சே அண்ணே! இனி நீங்க வெளிய போகத் தேவல்ல, உள்ள சாய்ஞ்சிக்கிட்டே பேசலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான். போன் அடித்தபோது யோகராஜ் பழக்கதோஷத்தில் பின்வாசல் படிக்கே வந்து உட்கார்ந்தான், இதுவரை சிக்னல் கிடைத்ததே இந்தக் கொடிக்கயிற்றுக்கு முன்னால் மட்டும்தான், குவைத் பேச்செல்லாம் இந்தப் படியில்தான். பட்டனைத் தொட்டவுடன் அவள் முகம் வந்தது, கட்டம் கட்டமாக உடையாமல், முழுசாக. கடவுளே, இப்படியா மெலிந்துபோனாள், நெற்றியோரம் இவ்வளவு நரையா, இவனுக்கு அந்த முகத்தின் மேல் ஆசையும் பயமும் ஒன்றாக வந்தன. "ஏங்க, நல்லா தெரியிறீங்க," அவள் சிரித்தாள், "எளைச்சிட்டீங்களே." தலையில் இருந்த துணியைச் சரி பண்ணக் கையைத் தூக்கினாள், துணி நழுவியது, காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வரைக்கும் கறுத்து, நடுவில் தோல் உரிந்து சிவந்து... "கழுத்துல என்னா புள்ள அது? சுட்டுக்கிட்டியா? யாரு..."

படம் நின்றது. சே, ஆண்டனா காற்றில் திரும்பியிருக்கும், ஸியாமைக் கூப்பிட வேண்டும், அவள் வாய் அரைகுறையாகத் திறந்திருந்தது, கண் அசையவில்லை, எதிர்மலையில் மழையோ என்னவோ... ஆனால் அவளுக்குப் பின்னால் அந்த வீட்டு வாஷிங் மெஷின், அதன் வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் புரண்டு புரண்டு சுற்றிக்கொண்டிருந்தன, அதன் கடகட சத்தமும் விடாமல் வந்துகொண்டிருந்தது. அவள் மூக்கு லேசாக விடைத்தது. படம் நிக்கல புள்ள, மெஷின் சுத்துது, சொல்லு, யாரு செஞ்சா, வந்துரு நீ, என்று ஒரே ஒரு வாக்கியம், அது யோகராஜின் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அவள் என்ன சொல்வாள், அவளும் ஒன்று கேட்பாளே...

கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தான், அதில் அவன் முகம், இத்தனை நாளும் அதை அவன் கவனித்ததே இல்லை, அவனுக்குப் பின்னால் கொடிக்கயிறு, கயிற்றில் கோகிலாவின் நீல நிற கார்மென்ட்ஸ் மேல்சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மலைக்காற்று, எந்நாளும் இந்த நேரம் வீசுகிற காற்றுதான். அப்படியென்றால் இவன் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்த ஒவ்வொரு தடவையும் பின்னால் துணி ஆடியிருக்கும்... வெள்ளைப் பள்ளிச் சீருடையை வருஷக்கணக்காகத் துவைத்து அதே கயிற்றில் போட்டவளுக்கு, அது இல்லாமல் போனது எப்போது தெரிந்திருக்கும்? தெரிந்துகொண்டா இந்த நல்ல லைனைக் கேட்டாள்? கயிற்றைத் தெளிவாகப் பார்க்கவா, இல்லை, கழுத்தை இவனுக்குக் காட்டவா? காட்டத்தான் என்றால் ஏன் இப்படி அசையாமல் இருக்கிறாள்? கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும் என்று நினைத்தான், அவன் வாயும் அரைகுறையாகத் திறந்திருந்தது, அங்கே துணி சுற்றிக்கொண்டிருந்தது, இங்கே ஆடிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.