கட் சொல்லும் வரை

சாவதற்குக்கூடத் துப்பில்லாதவன் என் தம்பி. பிணமாக நடிக்கப் படுத்தால் ஐந்தே நிமிடத்தில் குறட்டை. டைரக்டர் 'கட்' சொன்னதும் மற்ற பிணங்கள் எழுந்து டீ குடிக்கப் போகும். இந்தத் தூங்குமூஞ்சியை மட்டும் நான் போய் உதைத்து எழுப்ப வேண்டும்.

அரசாங்கப் படம். போரில் நாம் ஜெயிப்பதாகக் கதை. நிஜத்தில் எதிரி ஆற்றுப்பாலம் வரை வந்துவிட்டான். மந்திரிகள் குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டார்கள். டைரக்டரோ, பீரங்கிச் சத்தம் வசனத்தைக் கெடுக்கிறது என்று எதிரி முகாமுக்கே ஆள் அனுப்பினார். போன ஆளின் தலை மட்டும் திரும்பி வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேக்கப் போடும் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் ரத்தம் பூசும்மா. நம்புற மாதிரியே இல்ல."

பூசினேன். படத்தில் இருப்பவர்களைத்தான் படைக்குப் பிடித்துப் போகாமல் விட்டிருந்தார்கள். தம்பிக்கும் டைரக்டர் கெடு வைத்திருந்தார்: இன்னொரு முறை தூங்கினால் போர்முனைக்கு.

"காதுல விழுந்துச்சாடா எருமை? கட்டுன்னதும் மொத ஆளா எந்திரிக்கணும்" என்று அவன் நெற்றியில் குண்டுக் காயம் வரைந்தேன்.

"சரிக்கா. கூசுது, சீக்கிரம் முடி."

'ஆக்‌ஷன்' கேட்டது. பிணங்கள் விழுந்தன. அடுத்த நொடி நிஜக் குண்டு கேமரா மேல் விழுந்தது. டைரக்டரின் கை என் மேக்கப் பெட்டிக்குள் வந்து விழுந்தது. நான் மேஜைக்கு அடியில் புகுந்தேன். களத்தில் ஒருவரும் எழவில்லை. யாரும் கட் சொல்லவில்லையே. பலர் உடம்பில் நான் வரையாத காயங்கள். தம்பியின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. குறட்டை மட்டும் விட்டுத் தொலைக்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எதிரிப் படை வந்தது. முனகியவர்களையெல்லாம் சுட்டுக்கொண்டே வந்தார்கள். தம்பியைத் தாண்டிப் போனார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புறப்படும் நேரத்தில் அவர்களுடைய அதிகாரி டைரக்டரின் நாற்காலியைப் பார்த்தான். ஆசை யாரை விட்டது. உட்கார்ந்தான், கால் மேல் கால் போட்டான், மைக்கை எடுத்தான். தன் ஆட்களைச் சிரிக்க வைக்க, நீட்டி முழக்கி, "கட்" என்றான்.

யாரும் உதைக்கவில்லை. தம்பி எழுந்து நின்று, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைத் தேடினான்.

"அக்கா, நான்தான் மொதல்ல."

நான் வரைந்த காயத்தையே குறியாக வைத்துச் சுட்டார்கள். பிறந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்காத பாவி, அன்றைக்கென்று கேட்டுத் தொலைத்தான்.