முன்பக்கம் இரண்டு அங்குலம்

ஞாயிறு பகல் பதினொன்றரைக்கு வண்டியின் இடது முன்சக்கரம் கழன்று வந்தது.

தம்பி அதை உருட்டிப்போய்ச் சுவரில் சாய்த்தான். அவன் அக்கா தையல் டேப்போடு வாசற்படியில் நின்றாள். அளந்து சொன்னது அவள்தான். பின்பக்கத்தைவிட முன்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்வு.

"மூக்கைத் தரையில தேய்ச்சுக்கிட்டே போகுது. பார்க்க நல்லாவா இருக்கு?" என்று நேற்று அவள் கணவன் கேட்டிருந்தான். முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள பிக்கப் வண்டி; வாங்கிய நாளிலிருந்து அது அப்படித்தான் போயிற்று. அவன் டைல்ஸ் ஏற்றி வருவான். தம்பி பதிப்பான். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த வண்டியால் எரிந்தது.

கணவன் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்பானரை எடுத்தான், வைத்தான். கேட்வரை போனான். போனைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"என்ன மாமா, கால்ல சக்கரமா? அதையும் கழட்டிடவா?"

"வேலையைப் பாருடா."

தம்பி இரும்புக் குழாயைக் கொடுத்து, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைக் கீழே அமுக்கினான். ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரோடு வெளியே வந்தது. அதன் தலையில், முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கிவிடும் அலுமினிய வளையத்தை வைத்து நட்டுகளை முறுக்கினான். திரும்ப உள்ளே ஏற்றும்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"டைல்ஸ் ஏத்தினா பின்னாடி அமுங்கும் மாமா. மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட் போட்டா காக்காய்க்குத்தான் வெளிச்சம்." தம்பி சிரித்தான். "வண்டி செஞ்சவன் என்ன லூசா? லோடுக்குன்னுதானே பின்னாடி தூக்கி வச்சிருக்கான்."

"பார்த்துக்கலாம்."

சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினார்கள். அவள் அளந்தாள். இடதுபக்கம் சரியாக இருந்தது. பின்பக்கத்தையும் ஒருமுறை பார்க்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். தொட்டி கழுவித் துடைத்திருந்தது. கயிறு இல்லை. பலகைகள் இல்லை.

"கயிறெல்லாம் எங்க?"

"கொடுத்துட்டேன்."

"நாளைக்கு லோடு இருக்கே?"

கணவன் மறுபடி கேட் பக்கம் நடந்தான். அங்கிருந்தே சொன்னான்.

"வேற வேலை பேசியிருக்கேன். ஆபீஸ் ஆளுங்களை ஏத்தி இறக்கணும். வண்டி பார்வையா இருக்கணும்னாங்க."

"எப்பலேர்ந்து?"

"நாளைலேர்ந்து."

"இவன்கிட்ட சொன்னீங்களா?"

"முடியட்டும், சொல்லிக்கலாம்னு..."

"அவன் கையாலேயே போட வச்சுட்டா?"

தம்பி வலது சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டிருந்தான். நட்டில் மாட்டிய ஸ்பானரை உருவினான். எழுந்தான். வண்டி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் சரிந்து நின்றது. அப்படியே ஓட்டவும் முடியாது.

"நாளைக்கு ஒரு பாத்ரூம் ஆரம்பிக்கணும் அக்கா," என்றான். அவளிடம் சொல்வதுபோல் இல்லை.

அவள் டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். கணவன் வந்து பானெட்டில் கை வைத்தான். சுட்டதுபோல் எடுத்தான்.

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இரண்டாவது வளையத்தைத் தரையிலிருந்து எடுத்தான்.

"சொல்லுங்க மாமா. இதைப் போடவா, அதைக் கழட்டவா?"