இன்னாசியம்மாளின் வட்டி விகிதம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிலும் விவரம் தெரியாதவர்கள் வட்டியைப் பற்றிப் பேசினால் மூக்குக்கு மேல் வரும். தர்மபுரியில் ஒரு பேங்கில் பன்னிரண்டு வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். பெயர் பிலவேந்திரன். பம்பாயிலிருந்து ரிசர்வ் பேங்க் போடுகிற உத்தரவு எங்கள் தலைமை அலுவலகம் வழியாகத் தர்மபுரிக்கு வந்து சேரும்போது, ஏஜெண்டுக்கு அடுத்தபடி அதைப் படிக்கிற ஆள் நான்தான். அப்போதெல்லாம் பேங்க் மேனேஜரை ஏஜெண்ட் என்றுதான் சொல்வோம். அந்த மாதிரித் தாளைப் படித்துப் புரிந்துகொள்ள ஊரிலே என்னை விட்டால் வேறு ஆளில்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

என் மனைவி இன்னாசியம்மாள் எட்டாவது வரை படித்தவள். எங்கள் வீட்டில் ஏலச்சீட்டு நடத்தினாள். இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய், மொத்தம் ஆயிரம். மாதத்தின் முதல் ஞாயிறு, மாதாகோயிலில் பூசை முடிந்து பத்து மணிக்குக் கூடுவார்கள். பணம் தேவைப்படுகிறவர் ஒரு தொகையைத் தள்ளிக் கேட்பார். நூறு தள்ளினால் அவர் கைக்குத் தொள்ளாயிரம் வரும். அந்த நூறு இருபது பேருக்கும் ஆளுக்கு ஐந்தாகப் பிரியும். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. அவசரம் ஏற ஏறத் தள்ளுவதும் ஏறும். இதுவும் ஒரு வட்டிதான் என்று நான் அவளுக்குப் பல தடவை விளக்கியிருக்கிறேன். "தெரியுங்க" என்பாள். அத்தோடு என் விளக்கம் முடிந்துவிடும்.

1974-ஆம் வருஷம் உலகமே ஆடிப்போயிருந்தது. அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெய் விலையை நாலு மடங்காக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் வட்டி பன்னிரண்டைத் தொட்டது. இங்கே அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. விலைவாசியை அடக்க வேண்டுமென்று ஜூலைக் கடைசியில் ரிசர்வ் பேங்க் தன் வட்டியை ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஒரே தாவலாக உயர்த்தியது. சனிக்கிழமை எங்களுக்குத் தாள் வந்தது. கூடவே எங்கள் தலைமை அலுவலகம் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தது: புதுக் கடன் கிடையாது, அனுமதியாகியும் இன்னும் பணம் கொடுக்காத கடன்களை நிறுத்தி வை.

அப்படி நின்றுபோனதில் ஒன்று ஷகிலாவின் கடன். எங்கள் தெருமுனைத் தையல்காரி. அவளுக்கும் அவள் கணவன் அப்துல் ரஷீதுக்கும் சேர்த்து இருந்தது ஒரே மெஷின். காலையில் அவள் தைப்பாள், அவன் காஜா எடுப்பான். மத்தியானத்துக்கு மேல் அவன் தைப்பான், அவள் பட்டன் வைப்பாள். அவர்களுக்குக் கன்னியர் நடத்தும் விடுதி ஒன்றிலிருந்து முந்நூறு சீருடைக்கு ஆர்டர் வந்திருந்தது. அந்த மாதிரி ஆர்டர் ஒரு தையல்காரிக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். மூன்று மெஷின் ஓடினால்தான் குறித்த தேதிக்குள் முடியும். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் மெஷின்களைக் காட்டு, இல்லையென்றால் சேலத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று விடுதித் தலைவியான மதர் கறாராகச் சொல்லிவிட்டார். மொரப்பூரில் பழைய மெஷின் இரண்டைப் பேசி வைத்திருந்தாள் ஷகிலா. விலை எண்ணூறு. ஒரு பைசா குறைக்கமாட்டேன் என்றானாம் அந்த வியாபாரி.

கடன் நின்றுவிட்டதை அவளிடம் சொல்ல வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது.

"நான் என்ன தப்புப் பண்ணேங்கண்ணா?" என்றாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. அரபு நாட்டுல எண்ணெ வெல ஏறிப்போச்சு. அதனால நம்ம ரிசர்வ் பேங்கு..."

"என் மெஷினு மாசத்துக்கு நாலு சொட்டு எண்ணெதாங்கண்ணா குடிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அவளே சமாளித்துக்கொண்டு சொன்னாள். "சரி வுடுங்க. அக்காகிட்ட சீட்டு இருக்குதில்ல. இந்த மாசம் நான் எடுத்துக்கறேன். எரநூறு வரைக்கும் தள்ளலாம். அதத் தாண்டுனா எண்ணூறு வராது."

எங்கள் சீட்டில் அதுவரை யாரும் நூற்றிருபதுக்கு மேல் தள்ளியதே இல்லை. அதனால் எனக்கு அவளைப் பற்றிக் கவலை விட்டது. விட்டதுதான் தப்பு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெளியே வந்ததும் கோயில் வளாகத்துப் புங்க மரத்தடியில் நாலைந்து பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பேங்கில் என்னமோ உத்தரவாமே என்றார்கள். எனக்கு வாய் ஊறியது. அரேபியாவில் ஆரம்பித்து, லண்டன், நியூயார்க் சுற்றி, பம்பாய் வழியாகத் தர்மபுரி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூட்டம் இருபதாகி முப்பதாயிற்று. பாதிப் பேர் எங்கள் சீட்டுக்காரர்கள். "இனிமே பணத்தக் கண்ணால பாக்கறதே கஷ்டம். அடுத்த மாசம் இன்னும் கிராக்கியாவும். புத்தி உள்ளவன் இப்பவே கையில வெச்சுக்குவான்" என்று முடித்தேன். அத்தனை பேர் வாயைப் பிளந்துகொண்டு என் பேச்சைக் கேட்டது அதற்கு முன் நடந்ததில்லை. உச்சி குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்து இரண்டு ஆப்பம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் நாலாம் தேதி சீட்டு. வழக்கமாக மூன்று பேர் கேட்பார்கள், மற்றவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். அன்றைக்கு எங்கள் கூடத்தில் நிற்க இடமில்லை. இன்னாசியம்மாள் பாயில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்ததும் நாலா பக்கமிருந்தும் கேட்டார்கள். எழுபது, நூறு, நூற்றிருபது. ஒரே நிமிஷத்தில் நூற்றெழுபது. கேட்டவர்கள் பதினாலு பேர். புளி உடைக்கப் போகிற மாதுவும் கேட்டார், எங்கள் தெருவில் காபிக்கடை வைத்திருந்த கிருஷ்ணப்பனும் கேட்டார். ஷகிலா சுவரோரம் நின்று, "எரநூறு" என்றாள்.

"எரநூத்திப் பத்து" என்றார் கிருஷ்ணப்பன்.

ஷகிலாவால் அதற்கு மேல் போக முடியாது. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரம் முன்னால் நான் மரத்தடியில் விதைத்ததை இவர்கள் இப்போது என் வீட்டிலேயே அறுக்கிறார்கள்.

இன்னாசியம்மாள் நோட்டை மூடினாள்.

"இதுவரைக்கும் கேட்டதெல்லாம் ரத்து. மறுபடி மொதல்லருந்து கேளுங்க. இந்தத் தடவ, தொகையச் சொல்றவங்க அது எதுக்குன்னும் சொல்லணும். எல்லாருக்கும் கேக்கறாப்பல."

கிருஷ்ணப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. "இது என்னம்மா புதுச் சட்டம்? எதுக்கா இருந்தா உங்களுக்கென்ன?"

"நாளைக்கு ஒருத்தர் எடுத்துட்டுக் கட்டாம போனா நீங்க யாரு கழுத்தப் புடிப்பீங்க? என் கழுத்தத்தான? அப்ப நான் கேப்பேன். சொல்லுங்க, உங்களுக்கு எதுக்கு?"

கிருஷ்ணப்பன் கூரையைப் பார்த்தார். "சும்மாதான். கையில இருக்கட்டும்னு."

யாரோ சிரித்தார்கள். மாது தலையைச் சொறிந்தார். "எனக்கும் ஒண்ணும் அவசரமில்லீங்க. அடுத்த மாசம் பணமே கெடைக்காதுன்னு பேங்கய்யா சொன்னாரு. அதான்."

"ஆமாங்க, அவருதான் சொன்னாரு" என்று இன்னும் ஏழெட்டுக் குரல்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னாசியம்மாள் மட்டும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. "நான் சொன்னது உலகப் பொருளாதார நெலம" என்று ஆரம்பித்தேன்.

"உலகம் இருக்கட்டுங்க" என்றாள். "இந்த இருவது பேருல இன்னிக்குப் பணமில்லாம தவிக்கிறது யாரு? உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். கடனில்லை என்று சொன்னதே நான்தானே. பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை, ஆனால் நாலு பேர் முன்னால் தப்பு என்று ஒப்புக்கொண்டு எனக்குப் பழக்கமே கிடையாது. எழுந்து நின்றேன். "மரத்தடியில நான் பேசுனது தப்பு. பேங்குல பணம் இறுகிப்போச்சுங்கறது நெசம். ஆனா இந்தச் சீட்டுல அடுத்த மாசமும் இதே ஆயிரம்தான் வரும், அதுக்கடுத்த மாசமும் அதேதான். யாரும் பயந்துக்கிட்டுக் கேக்க வேணாம்" என்றேன். சொல்லி முடித்தபோது காது இரண்டும் கொதித்தது. ஆனால் கூடத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. பதின்மூன்று பேர் அப்படியே பின்வாங்கினார்கள்.

அதுவரை வாயே திறக்காமல் வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்தார் குப்புராஜ். எண்ணெய்ச் செக்கு மில் முதலாளி. அவர் மனைவி கண்ணம்மாள் எங்கள் சீட்டில் ஒரு ஆள். வழக்கமாக அவள் மட்டும்தான் வருவாள். அன்றைக்கு இருவரும் வந்திருந்தார்கள்.

"எதுக்குன்னு சொல்றதுல எனக்கு வெக்கமில்ல" என்றார் குப்புராஜ். "பேங்க்காரன் கையவிரிச்சிட்டான். நான் கடலக்காய் வாங்கிப் போடணும். இப்பப் போட்டா தீவாளிக்கு எண்ணெ ரெட்டிப்பு வெல. நானூறு தள்றேன். ஆளுக்கு இருவது ரூவா. வேணாங்கறவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. இருபது ரூபாய் மாதுவுக்கு நாலு நாள் கூலி. அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? முறைப்படி பார்த்தால் குப்புராஜுக்குத்தான் சீட்டு. அதிகம் தள்ளினார், காரணமும் சொன்னார். எந்தப் பேங்காக இருந்தாலும் அவருக்குத்தான் கொடுக்கும். ஷகிலா செருப்பைத் தேடிக் குனிந்தாள்.

"இரு ஷகிலா" என்றாள் இன்னாசியம்மாள். பிறகு குப்புராஜிடம், "நோட்டுல இருக்கிறது கண்ணம்மா பேருங்க. அஞ்சு மாசமா அவங்கதான் கொண்டாந்து கட்டறாங்க. கேக்கறதா இருந்தா அவங்க கேக்கட்டும்" என்றாள்.

குப்புராஜ் சிரித்தார். "அவ வேற நான் வேறயா? ஏய், சொல்லு. நானூறுன்னு சொல்லு."

கண்ணம்மாள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். யாரோடும் அதிகம் பேசாதவள். அவள் எழுந்திருக்கவே நேரம் பிடித்தது. புருஷனைப் பார்க்காமல் இன்னாசியம்மாளைப் பார்த்துப் பேசினாள்.

"இது மில்லுப் பணம் இல்லீங்க. ரெண்டு எரும வெச்சிருக்கறேன், பால் ஊத்தித்தான் மாசாமாசம் கட்டறேன். எனக்கு இந்த மாசம் பணம் வேண்டியதில்லீங்க. நான் கேக்கல."

குப்புராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. "எந்திரிச்சு வா வூட்டுக்கு" என்றார்.

"சீட்டு முடியட்டும். வரேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணம்மாள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்திலிருந்த சீட்டுக்காரி மிக்கேலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

"நீ கேளு ஷகிலா" என்றாள் என் மனைவி.

"எரநூறு தள்றேங்கக்கா. ரெண்டு மெஷினுக்கு."

"வேற யாராச்சும் கேக்கறீங்களா?"

யாரும் கேட்கவில்லை. மாதுதான் தொண்டையைக் கனைத்தார். "போட்டிக்கு ஆளில்லாதப்ப அந்தப் பொண்ணு எதுக்கு எரநூறு தள்ளணும்? அம்பது போதுங்க. ஆளுக்கு ரெண்டர ரூவா வருது, எனக்கு அது போதும்." நாலு நாள் கூலியை இழந்த மனுஷர் சொன்னார் இதை. மற்றவர்கள் தலையாட்டினார்கள். கிருஷ்ணப்பனும் ஆட்டினார், கொஞ்சம் தாமதமாக.

"அம்பது ஒரு தரம். அம்பது ரெண்டு தரம். அம்பது மூணு தரம்."

தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாயை வாங்கிக்கொண்டு ஷகிலா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். உலகம் முழுக்க வட்டி ஏறிக்கொண்டிருந்த வாரத்தில், நூற்றிருபது வரை போய்க்கொண்டிருந்ததை ஐம்பதுக்கு இறக்கி உட்கார்ந்திருந்தாள் என் பெண்டாட்டி. அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அழகைப் பார்த்து எனக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை.

எல்லோரும் போன பிறகு கேட்டாள். "ஏங்க, உங்க ரிசர்வ் பேங்கு எதுக்குன்னு கேக்காதா?"

"எப்படிக் கேக்கும்? கோடிக்கணக்குல ஜனம். ஒவ்வொருத்தனையா உக்கார வெச்சு விசாரிக்க முடியுமா?"

"கேக்க முடியல, அதனால வட்டிய ஏத்துது" என்றாள். "பாவம்." சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் நான் படித்த தாள் எதிலும் இதை இவ்வளவு சுருக்கமாக எவனும் எழுதவில்லை.

வியாழக்கிழமையே மொரப்பூர் பஸ்ஸின் மேல்கூரையில் இரண்டு மெஷினும் வந்து இறங்கின. மதர் நேரில் வந்து பார்த்துவிட்டுத் துணிக்கட்டை அனுப்பினார். அடுத்த மாதச் சீட்டுக்குக் கண்ணம்மாள் தனியாக வந்து, ஐம்பது ரூபாயை நிமிர்ந்து நின்று கட்டினாள்.

செப்டம்பர் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. ரிசர்வ் பேங்க் வட்டியை உயர்த்தியதால் உள்ளூரில் பேங்குக்கு வெளியே வட்டி எப்படி இருக்கிறது, அதற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். கடைத்தெருவில் ஏறியிருக்கிறது என்று எழுதினேன். காரணம், பணமுடை. அதற்குக் கீழே எங்கள் தெருப் பெயரை எழுதி, குறைந்திருக்கிறது என்று எழுதினேன். காரணம், இன்னாசியம்மாள்.

ஏஜெண்ட் கையெழுத்துப் போட வந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"யாருய்யா இந்த இன்னாசியம்மாள்? எந்தப் பேங்கு?"

கவுண்டரில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"என் சம்சாரம், சார்" என்றேன்.